கண்வழித் தொற்றும் ஆய்வுகூடங்களும்

மாத்தளைப் பக்கத்துப் பாடசாலைகளில் கண் நோய் பரவும் காலங்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கண் சிவந்த பிள்ளை வகுப்புக்குள் நுழைந்தால் மற்றப் பிள்ளைகள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "அவன்ட கண்ணப் பாக்காத, ஒனக்கும் ஒட்டிக்கும்." வீட்டில் உம்மாவும் உம்மும்மாவும் சொல்லிக் கொடுத்த எச்சரிக்கை அது. அரை மணித்தியாலம் கழித்து அதே பிள்ளையின் பேனையையும் அடிமட்டத்தையும் இரவல் வாங்கி எழுதுவார்கள். அதில் யாருக்கும் பயமில்லை.

பார்வையால் எந்த வைரசும் தாவுவதில்லை. நோயாளியின் கண்ணீரில் வைரசு இருக்கிறது. அவர் கண்ணைக் கசக்குகிறார், கசக்கிய கையால் பேனையைத் தொடுகிறார். பேனையைத் தொட்ட நமது கை, நமக்கே தெரியாமல், நமது கண்ணுக்குப் போகிறது. மனிதன் தன் முகத்தை எத்தனை தடவை தொடுகிறான் என்பதை ஒரு பாட வேளைக்குள் எண்ணிப் பாருங்கள். முகம் திருப்பிக்கொண்ட பிள்ளைகளுக்கும் நோய் வருவது இதனால்தான்.

வெள்ளை விழியின் மேற்பரப்பையும் இமைகளின் உட்புறத்தையும் மெல்லிய சவ்வொன்று மூடியிருக்கிறது. வைரசு முதலில் இறங்கும் இடம் அது. (விழிவெண்படலம் என்ற சொல்லைச் சிலர் இச்சவ்வுக்கும் வேறு சிலர் கருவிழியின் முன்னாலுள்ள கண்ணாடி போன்ற பகுதிக்கும் ஆள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. கலைச்சொல்லாக்கத்தில் நாம் இன்னும் தீர்க்காத சில்லறைக் கடன்களில் இதுவும் ஒன்று.) தோலில் இருப்பது போன்ற தடித்த மேற்படை அச்சவ்வில் கிடையாது. அதோடு கண்ணிலிருந்து மூக்குக்குள் ஒரு சிறு கால்வாய் இறங்குகிறது. கண்ணுக்கு விட்ட மருந்து சற்று நேரத்தில் தொண்டையில் கசப்பதை அனுபவித்திருப்பீர்கள். மருந்து போகும் வழியால் வைரசும் போகும். ஆகவே கண்ணில் விழுந்தது கண்ணோடு நின்றுவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

தமிழ்நாட்டில் இந்நோயை "மெட்ராஸ் ஐ" என்கிறார்கள். சென்னை எழும்பூரிலுள்ள அரசினர் கண் மருத்துவமனை 1819 இல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. 1918 அளவில் அங்கே இந்நோய் இனங்காணப்பட்டதால் அப்பெயர் நிலைத்தது என்பர். அம்மருத்துவமனையின் கேர்க்பற்றிக் என்ற வைத்தியர் சென்னையில் பரவிய, கருவிழியில் புள்ளி புள்ளியாகத் தழும்பு விடும் கண் நோயைப் பற்றி 1920 இல் பிரித்தானியக் கண் மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். நோய்க்குக் காரணமான அடினோ வைரசுக் குடும்பம் கண்டுபிடிக்கப்பட்டது 1953 இல்தான். இன்னொரு வகையான, இரத்தம் கசிந்து கண் செக்கச் செவேலென்று ஆகும் நோய், 1969 இல் கானாவில் தோன்றியது. அப்பொல்லோ 11 சந்திரனில் இறங்கிய வருடம் என்பதால் மக்கள் அதற்கு அப்பொல்லோ நோய் என்றே பெயர் வைத்தார்கள். 1971 இல் அது கல்கத்தாவுக்கு வந்தபோது பங்களாதேஷ் போர் நடந்துகொண்டிருந்தது. அங்கே அதன் பெயர் "ஜொய் பங்ளா". ஊருக்கு ஊர் பெயர்தான் மாறியது. பரவிய வழி அதே கையும் துவாயும்தான்.

நமது வீடுகளில் துவாயோடு சேர்த்துச் சொல்லவேண்டிய ஒன்று சுர்மாக் குச்சி. பெருநாள் காலையில் ஒரே குச்சி வாப்பா, பிள்ளைகள், மச்சான்மார் என்று வரிசையாக எத்தனை கண்களுக்குள் போய் வருகிறது! சுர்மா இடுவதைக் குறை சொல்லவில்லை. குச்சி ஆளுக்கொன்றாக இருக்கலாமே என்கிறேன். பள்ளிவாசல் ஹவுழ், சுது கங்கைக் குளிப்பு இரண்டையும் பற்றி என்னிடம் கேட்பவர்கள் உண்டு. குளோரீன் போதாத நீச்சல் தடாகங்களில் சில அடினோ வைரசு வகைகள் பரவியது நிறுவப்பட்ட உண்மை. தேங்கி நிற்கும் நீரில் பலர் முகம் கழுவுவதை விட ஓடும் குழாய் நீர் நல்லது. வுழூவில் முகத்துக்கு முன் மணிக்கட்டு வரை கைகளைக் கழுவுகிறோம். அந்த வரிசையை நோய்க் காலத்தில் அவசரப்பட்டுக் குறுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இனி இக்கட்டுரையின் முக்கிய விடயம். நான் தமிழ் படிப்பிக்கிறவன், விஞ்ஞான ஆசிரியன் அல்லன். இந்த வாசிப்புக்குள் நான் இறங்கக் காரணமாக இருந்தவர், எங்களிடம் உயர்தரத்தில் உயிரியல் படித்து இப்போது ஓர் ஆய்வுகூடத்தில் வேலை பார்க்கும் மாணவி. அங்கே சுவரில் இருந்த பாதுகாப்பு அறிவித்தல் முழுக்க ஆங்கிலத்தில். துப்புரவு செய்பவருக்கும் மாதிரிகளைக் கொண்டுவருபவருக்கும் அதில் ஒரு சொல் விளங்காது. "சேர், இத எல்லாருக்கும் வெளங்குற மாதிரி தமிழ்ல எழுதித் தாங்களே" என்று ஒரு நாள் அதன் பிரதியைக் கொண்டுவந்தார். வாசித்துப் பார்த்தேன். கைக்கு எட்டு வரி. வாய்க்கு மூன்று வரி. கண்ணுக்கு ஒரேயொரு வரி: பட்டால் கழுவவும். எவ்வளவு நேரம், எங்கே, எதனால், கழுவிய பிறகு யாரிடம் சொல்வது என்பவை எதுவும் இல்லை.

"மகள், கண்ணுல தெறிக்கிறது குறைவா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "குறைவில்ல சேர், யாரும் சொல்றதில்ல."

அவர் சொன்னது சரி என்பதற்கு எண்களே இருக்கின்றன. ரொபர்ட் பைக் என்ற அமெரிக்கர் ஆய்வுகூடத்தில் தொற்றிய நோய்கள் 3,921 ஐத் திரட்டி 1976 இல் வெளியிட்டார். எந்த விபத்தால் தொற்றியது என்று சுட்டிக்காட்ட முடிந்தவை அவற்றில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவு. சுட்டிக்காட்ட முடிந்தவற்றுள் ஏறக்குறைய நாலிலொரு பங்கு தெறித்தலும் சிதறலும். ஊசி குத்தியதும் கிட்டத்தட்ட அதேயளவு. ஆனால் ஊசி குத்தினால் இரத்தம் வரும், வலிக்கும், பதிவேட்டில் எழுதுவார்கள். கண்ணில் ஒரு துளி பட்டால் இமையைக் கொட்டிவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள்.

தெறிப்பது எப்படி என்று கேட்டால் பெரிய விபத்து எதுவும் தேவையில்லை. இறுக மூடிய குழாயின் மூடியைத் திறக்கும்போது மூடியிலிருந்த ஈரம் தூவானமாக எழும். மையநீக்கி சுழலும்போது குழாய் உடையும். உறிஞ்சு குழாயின் நுனியில் நின்ற கடைசித் துளியை ஊதித் தள்ளினால் குமிழி வெடிக்கும். இவையெல்லாம் போக, கையுறை போட்ட கையால் அரிக்கும் கண்ணைத் தேய்ப்பது ஒன்று. கையுறை காப்பது கையை. கண்ணுக்கு அது வெறும் கையை விட ஆபத்தானது, ஏனென்றால் அணிந்தவருக்குத் தன் கை சுத்தம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

இவ்வகையில் பெயர் பெற்ற ஆரம்பகாலச் சம்பவம் ஒரு கோழி நோயோடு சேர்ந்தது. நமது கோழி வளர்ப்பாளர்கள் ராணிக்கெட் என்று அறிந்த அதே நோய். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1926 இல் கண்டதால் ஆங்கிலத்தில் நியூகாசில் நோய். இந்தியாவின் குமாவோன் மலையூரான ராணிக்கெட்டில் கண்டதால் நமக்கு அந்தப் பெயர். 1943 இல் அவுஸ்திரேலியாவின் மக்ஃபார்லன் பேர்னற், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், ஒரு குறிப்பை வெளியிட்டார். இவ்வைரசை முட்டைக் கருவில் வளர்த்துக்கொண்டிருந்த ஆய்வுகூடத்தில் ஒருவருடைய கண்ணில் முட்டைத் திரவம் தெறித்தது. கண் சிவந்து வீங்கியது. அந்தக் கண்ணிலிருந்தே வைரசு மீட்கப்பட்டது. கோழி வைரசு மனிதனுக்கு வரும் என்பது அப்படித்தான் தெரியவந்தது.

அதற்குப் பிறகு ஆய்வுகூடங்களிலும், கோழி அறுக்கும் இடங்களிலும், தடுப்பு மருந்து கொடுப்போரிடமும் இதே கண் நோய் பல தடவை காணப்பட்டிருக்கிறது. மாத்தளை மாவட்டத்துக் கோழிப் பண்ணைக்காரர் கவனிக்கவேண்டிய இடம் இது. ராணிக்கெட் தடுப்பு மருந்தைக் குஞ்சின் கண்ணில் ஒரு சொட்டாக விடுகிறோம். அது உயிருள்ள, வலுக் குறைத்த வைரசு. ஆயிரம் குஞ்சுகளுக்குச் சொட்டு விடும்போது சில குஞ்சுகள் தலையை உதறும். உதறிய சொட்டு எங்கே போகும்? ஓரிரு நாளில் கண் சிவக்கும், பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே மாறும். பார்வை போகும் நோயல்ல. பண்ணைக் கொட்டிலும் அந்த நேரத்தில் ஓர் ஆய்வுகூடம்தான் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். வெள்ளைச் சுவரும் குளிரூட்டியும் இருந்தால்தான் ஆய்வுகூடம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

எல்லாக் கோழி வைரசும் இப்படிச் சாதுவானவை அல்ல. 2003 இல் நெதர்லாந்தில் எச்7என்7 பறவைக் காய்ச்சல் பரவியபோது 89 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் 78 பேருக்குக் கண் நோய் இருந்தது. ஒரு மிருக வைத்தியர் இறந்தார். 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் டெக்சாஸில் எச்5என்1 தொற்றிய மாட்டுப் பண்ணைத் தொழிலாளிக்கு இருந்த முக்கிய அறிகுறி சிவந்த கண்கள். இப்போது "வெறும் கண் நோய்தானே" என்று வைத்தியர்கள் அங்கே கடந்துபோவதில்லை. தொழில் என்ன, எதைத் தொட்டீர்கள் என்று கேட்கிறார்கள். இங்கேயும் கேட்கத் தொடங்கினால் நல்லது.

ஆனால் கண்ணின் பாதுகாப்பைப் பற்றி உலக ஆய்வுகூடங்களை உண்மையில் உலுக்கியது ஓர் இளம் பெண்ணின் மரணம். எலிசபெத் கிரிஃபின், வயது 22. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் யேர்க்ஸ் குரங்கு ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளர். 1997 ஒக்டோபர் 29 அன்று, வருடாந்த உடற் பரிசோதனைக்காகக் கூட்டில் அடைத்த குரங்கை இடம் மாற்றும் வேலை. குரங்கு அசைந்தபோது கூட்டிலிருந்து ஏதோ ஈரம் அவருடைய கண்ணில் தெறித்தது. கடி இல்லை, கீறல் இல்லை. அந்த வேலைக்குப் பாதுகாப்புக் கண்ணாடி தேவை என்று அன்று யாரும் கருதவில்லை. கடதாசித் துண்டால் துடைத்துக்கொண்டார். முக்கால் மணித்தியாலம் போல கழிந்த பிறகே கண்ணைக் கழுவினார். பத்து நாளளவில் கண் சிவந்து வீங்கியது. வைரசு கண்ணிலிருந்து நரம்பு வழியே முண்ணாணுக்கும் மூளைக்கும் ஏறியது. டிசம்பர் 10 அன்று இறந்தார்.

அது பி வைரசு. மக்காக் இனக் குரங்குகளில் சாதாரணமாகக் காணப்படுவது. குரங்குக்கு வாயோரக் கொப்புளத்துக்கு மேல் பெரிதாக எதுவும் செய்யாது. நமக்கு வாயோரத்தில் "காய்ச்சல் கொப்புளம்" தரும் ஹேர்ப்பீஸ் வைரசின் உறவுக்காரன். 1932 இல் நியூயோர்க்கில் குரங்கு கடித்து இறந்த இளம் ஆராய்ச்சி வைத்தியரின் பெயரின் முதலெழுத்தே அந்த "பி". அதன் பின் பதிவானவர்கள் ஐம்பது பேரளவில், இறந்தவர்கள் 21. ஏறக்குறைய எல்லோரும் ஆய்வுகூடத்தாரும் குரங்கோடு வேலை செய்தவர்களுமே. 2021 இல் பெய்ஜிங்கில் இரண்டு குரங்குகளை அறுத்துப் பரிசோதித்த மிருக வைத்தியர் ஒருவர் இதே வைரசால் இறந்தார்.

தம்புள்ளை, சிகிரியா பக்கத்தில் வாழ்பவர்களுக்கு இதை வாசித்தவுடன் ஒரு கேள்வி எழும். நமது வீட்டுக் கூரையில் ஓடும் செம்முகக் குரங்கு, சிங்களத்தில் ரிலவா, அதுவும் மக்காக் இனம்தானே? ஆம். 2023 இல் ஒரு இலட்சம் ரிலவாக்களைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு எழுந்து, ஆய்வுகூடங்களுக்குத்தான் போகும் என்று சூழலியலாளர் எதிர்த்து, வழக்கு வரை போய்க் கைவிடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். காட்டுக் குரங்கால் பொதுமக்களுக்கு இவ்வைரசு தொற்றுவது மிக மிக அரிது. ஆனால் 2024 இல் ஹொங்கொங்கில் காட்டுக் குரங்குகள் தாக்கிய ஒருவருக்கு அது வந்தது. குரங்கைக் கண்டு ஓடவேண்டியதில்லை. கடித்தாலோ, அதன் எச்சில் கண்ணில் பட்டாலோ கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். "விசர் நாய்க்கடிக்கு மட்டும்தானே ஊசி" என்று வீட்டில் இருக்கக் கூடாது. குரங்குக் கடிக்கும் விசர் நோய்த் தடுப்பூசி பற்றி வைத்தியர் பார்க்கவேண்டும்.

பெரியம்மைக்கு அம்மைப்பால் குத்திய காலத்தை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். குத்திய இடத்தைச் சொறிந்த விரலால் கண்ணைத் தேய்த்தவர்களுக்கு அந்த வைரசு கண்ணில் போய் முளைத்ததுண்டு. பெரியம்மை ஒழிந்தாலும் அம்மைப்பால் வைரசு ஆராய்ச்சிக்கு இன்றும் பயன்படுகிறது. 2004 இல் பிலடெல்பியாவில் அத்தடுப்பூசி ஏற்றியிராத ஆய்வுகூட ஊழியர் ஒருவருக்கு அது கண்ணிலேயே தொற்றியது.

வைத்தியரின் அறையும் இந்தப் பட்டியலில் வரும். 1941 இல் ஹவாய்க் கப்பல் கட்டும் தளத்திலும் தொடர்ந்து அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் ஆயிரக்கணக்கான தொழிலாளருக்குக் கண் நோய் பரவியது. கண்ணில் விழுந்த இரும்புத் தூளை எடுக்கச் சிகிச்சை அறைக்குப் போனவர்கள், தூளை விட்டுவிட்டு வைரசை வாங்கிக்கொண்டு வந்தார்கள். கருவியும் வைத்தியரின் விரலும் கண்ணுக்குக் கண் கொண்டுசென்றன. கண் அழுத்தம் பார்க்கும் கருவியின் நுனியால் இப்படிப் பரவியது பின்னரும் பல இடங்களில் நடந்திருக்கிறது.

இங்கே மொழி பற்றிய ஒரு சிறு விலகல். கண்ணுக்கு இடும் மைக்கு அரபில் குஹ்ல். அதனாலே கண் வைத்தியருக்குப் பெயர் கஹ்ஹால். பதினோராம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா எழுதிய கண் மருத்துவ நூலின் பெயரிலும் அச்சொல் உண்டு. அதே அல்-குஹ்ல்தான் ஐரோப்பா சென்று அல்ககோல் ஆகித் திரும்பிவந்தது. அந்த அல்ககோலால் துடைத்தால் கருவி சுத்தமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அடினோ வைரசு அதற்கு எளிதில் மசியாது. கொரோனா வைரசுக்கு வெளியே கொழுப்பு உறை ஒன்று உண்டு, சவர்க்காரமும் அல்ககோலும் அதைக் கரைத்துவிடும். அடினோவுக்கு அந்த உறையே கிடையாது. காய்ந்த பிளாஸ்டிக்கில் வாரக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். அதற்கு ஐதாக்கிய குளோரீன் கரைசலில் சில நிமிடம் ஊறவைத்து நன்கு அலசவேண்டும். கைக்கோ சவர்க்காரமும் ஓடும் நீரும். அங்கே வைரசு சாவதை விடக் கழுவுண்டு போவதே பிரதானம்.

நமது பாடசாலை ஆய்வுகூடங்களில் யாரும் வைரசு வளர்ப்பதில்லை. ஆனால் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு நுணுக்குக்காட்டி. பார்வைத்துண்டில் நாற்பது கண்கள் வரிசையாக ஒட்டி எடுக்கப்படுகின்றன. கண் நோய்க் காலத்தில் இதை விட வசதியான பாலம் வைரசுக்குக் கிடைக்காது. விஞ்ஞான ஆசிரியர்களான என் நண்பர்களிடம் நான் கேட்பது, நோய்க் காலத்தில் ஒவ்வொருவர் பார்த்த பிறகும் அதைத் துடையுங்கள், கண் சிவந்த பிள்ளை அன்று படத்தைப் பார்த்து எழுதட்டும் என்பதே. அந்தப் பிள்ளையை இரண்டு வாரமளவுக்கு வீட்டில் நிறுத்தவேண்டியும் வரலாம். பாமசியில் கேட்டு வாங்கும் அன்டிபயோட்டிக் சொட்டு வைரசை ஒன்றும் செய்யாது. ஸ்டெரொயிட் சேர்ந்த சொட்டு, கண்ணில் இருப்பது ஹேர்ப்பீஸ் வைரசாக இருந்தால், பார்வையையே கெடுத்துவிடும்.

மாணவியின் அறிவித்தலுக்கு வருவோம். கண்ணுக்கான ஒரு வரியை நாங்கள் ஏழு வரியாக்கினோம். பார்வைக்காக அணியும் மூக்குக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது, பக்கவாட்டால் தெறிக்கும். கண்ணோடு ஒட்டும் வில்லை அணிந்திருந்தால் கழுவத் தொடங்கிய உடனே அதை எடுத்துவிட வேண்டும், அதற்கும் கண்ணுக்கும் இடையில் வைரசு ஒளிந்துகொள்ளும். கழுவிய பிறகு பொறுப்பாளரிடம் சொல்லி நேரத்தோடு பதிய வேண்டும். இவ்வளவும் எழுதுவதில் சிக்கல் வரவில்லை. தகராறு வந்தது "15 நிமிடம்" என்ற இடத்தில். "பதினஞ்சு நிமிஷம் டெப்புக்குக் கீழ நிக்க யாரு சேர் விடுவாங்க? ரிப்போட் கேட்டு ஆக்கள் வெளிய நிப்பாங்க" என்றார். கிரிஃபினுடைய கதையை அவருக்குச் சொன்னேன். அவர் பிரதியை வாங்கி, 15 என்பதைத் தானே பெரிய எழுத்தாக்கினார்.

அதற்குப் பிறகு நீர்க் கணக்கு. கண் கழுவும் கருவிக்கு அமெரிக்கத் தரம் நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர் என்கிறது. பதினைந்து நிமிடத்துக்கு இருபத்திரண்டரை லீற்றர். ஆய்வுகூட அலுமாரியில் இருந்த 500 மில்லிலீற்றர் உப்பு நீர்ப் போத்தல் அந்த வேகத்தில் இருபது விநாடிக்குத்தான் காணும். குழாயில் நீர் நிற்கும் நாட்கள் எங்களுக்குப் புதிதல்ல. ஆகவே அடியில் திருகுக் குழாய் வைத்த 25 லீற்றர் பிளாஸ்டிக் கலன் ஒன்றை வாங்கி, தலைக்குச் சற்று மேலான தட்டில் வைத்து, தினமும் காலையில் நீர் மாற்றுகிறார்கள். மூடியில் நீர் மாற்றிய திகதியை எழுதுவது துப்புரவு செய்யும் தாத்தாவின் பொறுப்பு. அறிவித்தலின் ஏழாவது வரி அவருக்காகவே எழுதப்பட்டது.